பி.எஃப். தாமத அபராதம்: 14பி உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்வது எப்படி?

கேள்வி: திருப்பூரில் 46 பேர் வேலை செய்யும் சிறிய பின்னலாடை நிறுவனம் நடத்துகிறோம். 2017 ஏப்ரல் முதல் 2021 டிசம்பர் வரை பல மாதங்கள் பி.எஃப். தொகையைத் தாமதமாகக் கட்டியிருக்கிறோம். அசல் பாக்கி ஒரு ரூபாய்கூட இல்லை. இப்போது பி.எஃப். சட்டத்தின் 14பி பிரிவில் ₹6,84,000 அபராதமும் 7க்யூ பிரிவில் ₹3,92,000 வட்டியும் கட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. உத்தரவின் தேதி 2025 மார்ச் 3. எங்கள் கைக்கு வந்தது மார்ச் 12. விசாரணையில் எழுத்துபூர்வமாகப் பதில் கொடுத்தோம். உத்தரவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கமிஷனரிடமே மறுபரிசீலனை கேட்கலாம், புது விகிதப்படி மாதம் 1 சதவீதம்தான் வரும் என்கிறார் ஆடிட்டர். ஏற்றுமதி ஆர்டர் பணம் முடங்கியதுதான் தாமதத்துக்குக் காரணம். மேல்முறையீடு செய்தால் தொகை குறையுமா? முன்கூட்டியே எவ்வளவு கட்ட வேண்டும்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் உத்தரவு வந்த 2025 மார்ச்சில் நடப்பில் இருந்த 1952ஆம் ஆண்டு பி.எஃப். சட்டத்தை வைத்துச் சொல்கிறேன்: தொகை குறைய வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் எதை நம்பி வழக்குப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆர்டர் பணம் முடங்கியது என்ற ஒரே வாதத்தோடு போனால் பெரிதாக எதுவும் கிடைக்காது. மாதவாரிக் கணக்கையும், உத்தரவில் காரணம் சொல்லப்படாததையும் முன்னிறுத்திப் போனால் நல்ல பலன் கிடைக்கும். அதற்கு முன்னால் கெடுவைப் பார்த்துவிடுவோம்.

மேல்முறையீட்டுக்கான 60 நாளைப் பலரும் உத்தரவு கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். மேல்முறையீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் நடைமுறை விதிகள் சொல்வது உத்தரவு பிறப்பிக்கப்பட்ட தேதியிலிருந்து 60 நாள். உங்கள் உத்தரவு மார்ச் 3 தேதியிட்டது என்பதால் 60ஆவது நாள் மே 2. மார்ச் 12இலிருந்து எண்ணி மே 11 வரை நேரம் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். போதிய காரணம் காட்டினால் தீர்ப்பாயம் இன்னும் 60 நாள் வரை, அதாவது ஜூலை 1 வரை, தாமதத்தை மன்னிக்கலாம். அதற்குப் பிறகு எவ்வளவு நியாயமான காரணம் இருந்தாலும் மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமே கிடையாது. தபால் உறையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவு உங்களிடம் வந்து சேர்ந்த தேதிக்கு அதுதான் சான்று. தாமத மன்னிப்பு மனு போட நேர்ந்தால் உதவும்.

ஆடிட்டர் சொல்லும் மறுபரிசீலனை வழி உங்களுக்குப் பொருந்தாது. 7பி பிரிவின்படி மறுபரிசீலனை கேட்பது 7ஏ உத்தரவுகளுக்கு மட்டும்தான், அதாவது எவ்வளவு பாக்கி என்று தீர்மானிக்கும் உத்தரவுகளுக்கு. 14பி உத்தரவுக்கு அந்த வசதி இல்லை. கணக்குப் பிழையைச் சுட்டிக்காட்டி பி.எஃப். அலுவலகத்துக்குக் கடிதம் கொடுப்பதில் தவறில்லை, கொடுங்கள். ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பதில் வரும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் 60 நாளில் கழிகிறது. இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, வந்திருப்பது ஒரே உத்தரவா, இரண்டு தனித்தனி உத்தரவுகளா என்று பாருங்கள். 7ஐ (7-I) பிரிவின் கீழ் 14பி அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். 7க்யூ வட்டி அந்தப் பிரிவின் பட்டியலில் இல்லை. ஆர்காட் டெக்ஸ்டைல் மில்ஸ் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது: அபராதமும் வட்டியும் ஒரே உத்தரவில் சேர்ந்து வந்திருந்தால் முழு உத்தரவையும் மேல்முறையீட்டில் கேள்வி கேட்கலாம்; வட்டிக்குத் தனி உத்தரவு என்றால் மேல்முறையீடு கிடையாது. தனி உத்தரவாக இருந்து, அதில் கணக்குத் தவறும் இருந்தால், சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. இரண்டு உத்தரவுகளையும் ஒரே மேல்முறையீட்டில் சேர்த்துப் போட்டால் வட்டிப் பகுதி தள்ளுபடியாகும். ரிட் போட வேண்டிய நேரமும் அதற்குள் போயிருக்கும்.

வட்டி பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். ஆண்டுக்கு 12 சதவீத தனிவட்டி என்பது சட்டமே விதித்தது. அதைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ அதிகாரிக்கும் உரிமை இல்லை, தீர்ப்பாயத்துக்கும் இல்லை. நாள் கணக்கு தப்பா, அசல் தொகை தப்பா என்று மட்டும்தான் கேட்க முடியும். ஆகவே சரியான வட்டி எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டு, அந்தத் தொகையை மேல்முறையீட்டுக்கு முன்பே கட்டிவிடுங்கள். வசூலுக்குத் தடை கேட்டு நிற்கும்போது ‘சட்டப்படியான வட்டியைக் கட்டிவிட்டோம், அபராதத்தின் அளவை மட்டுமே எதிர்க்கிறோம்’ என்று சொல்ல முடிவது பெரிய பலம்.

இனி வழக்கின் உயிர்நாடியான கணக்குக்கு வருகிறேன்.

உத்தரவோடு மாதவாரி அட்டவணை ஒன்று இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றே எழுதிக் கேட்டு, கேட்டதற்கான ஒப்புகையையும் வாங்கிக்கொள்ளுங்கள். அட்டவணை தரப்படாததே மேல்முறையீட்டுக்கு ஒரு காரணமாகும். கிடைத்ததும் எக்செல்லில் உங்கள் கணக்கை அதன் பக்கத்தில் போடுங்கள். சம்பள மாதம், கெடு தேதி, கணக்கு எண் 1, 2, 10, 21 (வைப்புநிதி, நிர்வாகக் கட்டணம், ஓய்வூதியம், காப்பீடு) வாரியாகத் தொகை, சலானின் டிஆர்ஆர்என் (TRRN) எண், வங்கியில் பணம் பிடிக்கப்பட்ட தேதி, அலுவலகம் எடுத்துக்கொண்ட தேதி, தாமத நாட்கள், விகிதம், அவர்கள் போட்ட தொகை, சரியான தொகை, வித்தியாசத்துக்குக் காரணம் ஆகிய அனைத்தும் அதில் வர வேண்டும். 57 மாதம் என்றால் 57 வரியோடு முடியாது. ஒரே மாதத்துக்கு இரண்டு மூன்று சலான்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வரி போட வேண்டும்.

தப்பு அதிகம் நடக்கும் இடமும் அதுதான். உதாரணமாக 2018 மே மாதச் சம்பளத்துக்குக் கட்ட வேண்டிய தொகை ₹1,20,000 என்று வைத்துக்கொள்வோம். கெடு ஜூன் 15. முதல் ஈசிஆரில் (ECR, மாதந்தோறும் இணையத்தில் ஏற்றும் சலானும் விவர அறிக்கையும்) ₹80,000ஐ ஜூலை 20 அன்று கட்டினீர்கள். விடுபட்டவர்களுக்கான துணை ஈசிஆரில் ₹40,000ஐ செப்டம்பர் 24 அன்று கட்டினீர்கள். அட்டவணையில் கடைசி சலான் தேதியை மட்டும் எடுத்து, முழுத் தொகைக்கும் 101 நாள் தாமதம், 10 சதவீத விகிதம் என்று போட்டிருந்தால் அபராதம் ₹3,321 வரும். சரியான கணக்கில் ₹80,000க்கு 35 நாள், 5 சதவீதம், ₹384. ₹40,000க்கு 101 நாள், 10 சதவீதம், ₹1,107. மொத்தம் ₹1,491. ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் குறைகிறது. இது கருணை கேட்பது அல்ல, வெறும் கூட்டல் கழித்தல். எந்தத் தீர்ப்பாயமும் இதை ஒதுக்கித் தள்ள முடியாது.

உங்கள் காலத்துக்குரிய விகிதம், பி.எஃப். திட்டத்தின் 32ஏ பத்தியில் இருந்த பழைய அட்டவணைதான்: 2 மாதத்துக்குக் குறைவான தாமதத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீதம், 2 முதல் 4 மாதத்துக்குள் 10, 4 முதல் 6 மாதத்துக்குள் 15, 6 மாதமும் அதற்கு மேலும் 25. ஒரு நாள் வித்தியாசத்தில் விகிதம் தாவும். அதுவும் முழுத் தாமதத்துக்கும் சேர்த்துத் தாவும். ஆகவே 2, 4, 6 மாத எல்லைக்கு அருகே நிற்கும் சலான்களை முதலில் பாருங்கள். நீங்கள் இணையவங்கியில் பணம் கட்டிய தேதி ஒன்று, அலுவலகக் கணக்கில் வரவு வைத்த தேதி இரண்டு நாள் தள்ளி என்று இருந்தால், வங்கி அறிக்கையை இணைத்து அதைத் திருத்தக் கேளுங்கள். எந்த மாதத்துக்கும் அபராதம் அந்த மாதத்து அசல் பாக்கியைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பும் 14பி பிரிவிலேயே இருக்கிறது.

சம்பள உயர்வு ஒப்பந்தம் போட்டு முன்தேதியிட்ட நிலுவை கொடுத்திருந்தால் அதையும் தனியாகப் பிரியுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் அந்தத் தொகை கொடுக்க வேண்டியதாகவே இல்லை. அதற்குரிய பி.எஃப்.புக்குப் பழைய மாதங்களிலிருந்து தாமதம் எண்ணியிருந்தால் எதிர்க்க வேண்டும். ஒப்பந்த நகலும் நிலுவைப் பட்டுவாடாப் பதிவேடும் சான்று. 2021 செப்டம்பர் 1 முதல் ஆதார் இணைக்காத தொழிலாளிக்கு ஈசிஆர் ஏற்ற முடியாமல் போனதே, அந்த மாதங்களில் பெயர், பிறந்த தேதி பொருந்தாமல் நின்றவர்களின் பட்டியலும், திருத்தம் கேட்டு அனுப்பிய விண்ணப்பங்களும் இருந்தால் எடுத்து வையுங்கள். பணம் இருந்தும் கட்ட வழியில்லாமல் நின்ற தாமதத்துக்கு அவை சான்று.

ஊரடங்கு மாதங்களைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ஊரடங்கு காலத்தில் தொகை கட்டத் தாமதமானால் அபராத நடவடிக்கை எடுப்பதில்லை என்று வைப்புநிதி நிறுவனமே 2020 மே 15 அன்று சுற்றறிக்கை விட்டது. அதற்கு முன், 2020 மார்ச் சம்பளத்தைத் தொழிலாளர்களுக்குக் கொடுத்துவிட்ட நிறுவனங்களுக்கு, அந்த மாதத் தொகையைக் கட்டும் கெடுவை மே 15 வரை நீட்டித்தது. உங்கள் அட்டவணையில் இந்த மாதங்களுக்கு அபராதம் இருந்தால், சுற்றறிக்கையை இணைத்து நீக்கக் கேளுங்கள். சுற்றறிக்கை அபராதத்தைப் பற்றியது மட்டுமே. வட்டிக்கு விலக்கு தரவில்லை. 2021 மே 10இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஊரடங்குக்கு அந்தச் சுற்றறிக்கையை அப்படியே நீட்ட முடியாது. அந்த மாதங்களுக்கு அரசாணையையும் ஆலை மூடியிருந்த நாட்களின் வருகைப் பதிவேட்டையும் வைத்துத் தணிக்கும் சூழ்நிலையாக வாதாடுங்கள்.

இப்போது ‘மாதம் 1 சதவீதம்’. 2024 ஜூன் 14 அன்று அரசிதழில் வெளியான திருத்தம் அது. அன்றிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய தாமதங்களுக்குப் பழைய விகிதமே பொருந்தும் என்பதுதான் அலுவலகத்தின் நிலை. திருத்தத்தின் வாசகமும் அதற்குத்தான் இடம் கொடுக்கிறது. தவிர, புது விகிதம் எல்லா இடத்திலும் லாபம் என்று எண்ணிவிடாதீர்கள். மேலே சொன்ன ₹80,000, 35 நாள் தாமதத்துக்குப் பழைய விகிதத்தில் ₹384. புது விகிதத்தில் மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதம் என்பதால் 2 மாதம், ₹1,600. அதே சமயம் ₹40,000க்கு 300 நாள் தாமதம் என்றால் பழையது ₹8,219, புதியது ₹4,000. நீண்ட தாமதத்துக்குத்தான் புது விகிதம் இலேசு. உங்கள் தொகைகளின் விகிதத்தைப் பார்த்தால் பெரும்பகுதி 6 மாதத்தைத் தாண்டிய தாமதம் போலத் தெரிகிறது. எனவே ‘25 சதவீதம் மிகக் கடுமையானது என்று அரசே கருதி அதைக் குறைத்திருக்கிறது’ என்பதை, அளவைக் குறைக்கக் கேட்கும் துணை வாதமாக நீண்ட தாமத மாதங்களுக்கு மட்டும் வையுங்கள். முதன்மை வாதமாக வைத்தால் நிற்காது.

காரணங்கள் பகுதிக்கு வருவோம். 2022இல் ஹார்டிகல்ச்சர் எக்ஸ்பெரிமென்ட் ஸ்டேஷன், கோணிகொப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம், தாமதம் நடந்தாலே அபராதம் விதிக்கலாம், கெட்ட எண்ணம் இருந்ததா என்று பார்க்கத் தேவையில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. அதற்கு முந்தைய தீர்ப்புகளை வைத்து ‘வேண்டுமென்றே செய்யவில்லை, ஆகவே அபராதமே கூடாது’ என்று எழுதித் தரும் பழைய மாதிரி மனுக்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அதை அப்படியே பயன்படுத்தாதீர்கள். பணமுடையும் அப்படித்தான்: ஹிந்துஸ்தான் டைம்ஸ் வழக்கில் 1998லேயே உச்ச நீதிமன்றம் நிதி நெருக்கடியைத் தாமதத்துக்கு நியாயமாக ஏற்கவில்லை. தொழிலாளி சம்பளத்தில் பிடித்த பங்கு அவருடைய பணம், உங்களிடம் நம்பி விடப்பட்டது. ஆர்டர் பணம் வரவில்லை என்பது அதைக் கட்டாததற்குப் பதிலாகாது. 2017 தாமதத்துக்கு 2025இல் உத்தரவா என்ற கேள்விக்கும் அதே தீர்ப்பில் பதில் இருக்கிறது: காலம் கடந்தது மட்டும் போதாது, அதனால் ஆவணங்கள் அழிந்து பதில் சொல்ல முடியாமல் போனது போன்ற பாதிப்பை நீங்கள் காட்ட வேண்டும்.

அப்படியானால் என்ன மிஞ்சுகிறது? அபராதத்தின் அளவு மிஞ்சுகிறது. 14பி பிரிவு அபராதம் ‘வசூலிக்கலாம்’ என்றுதான் சொல்கிறது. விதிக்கும் முன் நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. வாய்ப்பு என்பது உங்களை வரச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதோடு முடிவதில்லை. நீங்கள் சொன்னதைப் பரிசீலித்து, ஏன் ஏற்கவில்லை என்று எழுத வேண்டும். 1979இல் ஆர்கனோ கெமிக்கல் வழக்கில் இந்தப் பிரிவு செல்லும் என்று சொன்னபோதே, இது நீதிமுறை சார்ந்த அதிகாரம், மனம் செலுத்திக் காரணத்தோடு பயன்படுத்த வேண்டியது என்பதை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. உங்கள் எழுத்துபூர்வமான பதிலை உத்தரவு தொடவே இல்லை என்றால், மேல்முறையீட்டின் முதல் காரணமாக அதை எழுதுங்கள். பதிலின் நகல், அலுவலக முத்திரை அல்லது மின்னஞ்சல் சான்று, உத்தரவின் பத்தி எண் மூன்றையும் குறிப்பிடுங்கள்.

பணமுடையை அறவே சொல்லக் கூடாதா என்றால், அளவைக் குறைக்கக் கேட்கும் இடத்தில் சொல்லலாம். ஆனால் ஆதாரத்தோடு. வாங்குபவர் பணம் நிறுத்திய கடிதங்கள், வங்கிக் கடன் வாராக் கடனாக வகைப்படுத்தப்பட்ட அறிவிப்பு, மின் இணைப்புத் துண்டிப்பு, அந்தந்த ஆண்டுத் தணிக்கை அறிக்கை எல்லாம் வேண்டும். வங்கி அறிக்கையை இணைக்கும் முன் நீங்கள் ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். கெடு தேதியன்று கணக்கில் போதிய இருப்பு இருந்து, அதே வாரத்தில் பங்குதாரர் கணக்குக்குப் பணம் போயிருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வரியைத்தான் படித்துக் காட்டுவார். அப்படிப்பட்ட மாதங்களுக்கு நெருக்கடி வாதத்தைக் கைவிட்டு, கணக்குத் திருத்தத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முன்பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 7ஓ பிரிவு சொல்லும் 75 சதவீத வைப்பு, 7ஏ பிரிவில் தீர்மானிக்கப்பட்ட பாக்கியை எதிர்ப்பவர்களுக்கானது. 14பி உத்தரவை மட்டும் எதிர்க்கும்போது அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் மேல்முறையீடு தாக்கல் செய்ததாலேயே வசூல் நின்றுவிடாது. வசூல் அதிகாரி 8எஃப் பிரிவில் உங்கள் வங்கிக்கு நோட்டீஸ் அனுப்பி நடப்புக் கணக்கிலிருந்து நேரடியாக எடுக்க முடியும். சம்பள நாளுக்கு முந்தின தினம் அது நடந்தால் தொழிலாளர்கள்தான் தவிப்பார்கள். ஆகவே மேல்முறையீட்டோடு தடை மனுவையும் சேர்த்தே போடுங்கள், அவசரத்தைக் காட்டி அதை முதலில் பட்டியலிடக் கேளுங்கள். தடைக்கு நிபந்தனையாக அபராதத்தின் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வது சகஜம். அதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். தடை கிடைத்ததும் உத்தரவின் நகலை வசூல் அதிகாரிக்கும் உங்கள் வங்கிக் கிளைக்கும் அன்றே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நிபந்தனைத் தொகையைக் குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் தடை தானாகவே போய்விடும்.

தமிழ்நாட்டு நிறுவனங்களுக்கு மேல்முறையீடு சென்னையில் உள்ள மத்திய அரசுத் தொழில் தீர்ப்பாயத்தில். தனியாக இருந்த வைப்புநிதி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2017இல் இதோடு இணைக்கப்பட்டது. மனு, எதிர்க்கப்படும் உத்தரவின் நகல், மாதவாரி ஒப்பீட்டு அட்டவணை, சலான்களும் வங்கி அறிக்கைகளும் கொண்ட பக்க எண்ணிட்ட ஆவணத் தொகுப்பு, தடை மனுவும் அதற்கான பிரமாணப் பத்திரமும், வக்காலத்து, பங்குதாரர்கள் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம், கட்டணத்துக்கான வரைவோலை ஆகியவை வேண்டும். கட்டணத் தொகை, எத்தனை படிகள், வரைவோலை யார் பெயரில் என்பதைத் தாக்கலுக்கு முன் தீர்ப்பாயப் பதிவகத்தில் உங்கள் வழக்கறிஞர் மூலம் உறுதிசெய்துகொள்ளுங்கள். குறை காட்டித் திருப்பினால், கெடுவின் கடைசி வாரத்தில் சரிசெய்ய நேரம் இருக்காது. ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குள் தாக்கல் செய்யத் திட்டமிடுங்கள். மே 1 விடுமுறை, மறுநாள் உங்கள் கெடு.

மனுவில் கோரிக்கையை இரண்டு படியாக எழுதச் சொல்லுங்கள். முதலாவது, உத்தரவை ரத்து செய்ய. அது முடியாவிட்டால், அட்டவணைப்படி திருத்திய தொகைக்கு அபராதத்தைக் குறைக்க. 7எல் பிரிவின்படி தீர்ப்பாயம் உத்தரவை உறுதி செய்யலாம், மாற்றலாம், ரத்து செய்யலாம், அல்லது வழிகாட்டுதலோடு மறு விசாரணைக்கு அனுப்பலாம். ரத்து மட்டும் கேட்டு, திருத்திய தொகை எவ்வளவு என்று எண்ணில் சொல்லாமல் விட்டால், வழக்கு மறுபடி அதே அலுவலகத்துக்குப் போகவே வாய்ப்பு அதிகம். அப்படித் திரும்பிப் போனால் ஒரு தவணையும் தவறாமல் ஆஜராகி, அதே அட்டவணையை மீண்டும் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். வராமல் போனதாக எழுதி முதல் தொகையையே மறுபடி போட இடம் கொடுக்காதீர்கள். தீர்ப்பாயத்தின் முடிவும் பாதகமானால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம், ஆனால் அங்கே கணக்கைப் புதிதாகத் தோண்ட மாட்டார்கள். ஆவணங்களை எல்லாம் தீர்ப்பாயத்திலேயே வைத்துவிட வேண்டியது அதனால்தான்.

ஆடிட்டரிடம் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. தொழிலாளி பங்கைக் கெடு தாண்டிக் கட்டினால், அந்தத் தொகைக்கு வருமான வரியில் செலவுக் கழிவு கிடையாது என்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த உத்தரவில் உள்ள அதே தேதிகள் உங்கள் வரிக் கணக்கிலும் இருக்கின்றன. மேல்முறையீட்டு அட்டவணையில் நீங்கள் சொல்லும் கட்டிய தேதியும் வரித் தணிக்கை அறிக்கையில் சொன்ன தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று தாக்கலுக்கு முன் அவரை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.